பூட்டுக்கு விழுந்த ஓட்டு

ஓடைக்கரையில் சங்கு என்று கேட்டால்தான் அவள் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஆலைச் சங்கு மாதிரி, வாயைத் திறந்தால் ஓடையின் அக்கரைக்கும் கேட்கும் என்று சின்ன வயதில் யாரோ கேலியாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஊருக்கு ஒரு வேளைதான் ஊதும், எனக்கு மூணு வேளையும் ஊதுது" என்பார் அவள் புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு அவர் வீட்டோடு கிடந்தார். இடுப்புதான் போயிற்றே தவிர வாய் போகவில்லை.

சங்குக்குக் குடோனில் வேலை. குடோன் என்றால் சுவர் பாதி, தகரம் பாதியாக ஒரு பெரிய கொட்டகை. நகரத்துக் குப்பையில் விலைபோகிற எதுவும் அங்கேதான் வந்து குவியும். பெண்கள் குவியலைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டில் வேறு, கவர் வேறு, அட்டை வேறு, தகரம் வேறு என்று பிரித்துப் போடுவார்கள். கைக்கு உறை பழைய சாக்ஸ். குவியலின் நடுப்பகுதி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதற்குள் கையை விடும்போது ஊசி இருக்குமோ, உடைந்த கண்ணாடி இருக்குமோ என்று விரல் தயங்கும். பக்கத்திலேயே அட்டையை அழுத்திக் கட்டுகிற மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலை மீறிப் பேசிப் பேசியே அவள் தொண்டை உரமேறிப் போயிருந்தது.

அந்தத் தொண்டையைத் தேடிக் கட்சிக்காரர்கள் வருவார்கள். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஓடைக்கரைக்கு ஒரு லாரி வரும். சங்கு முன்னால் ஏறிக்கொள்வாள், பின்னால் பெண்கள் ஏறுவார்கள். மேடைக்குக் கீழே, ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, தலைவர் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் கோஷம் போடச் சொல்வார்கள். ஒருமுறை காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் எதிர்க்கட்சிக் கூட்டம். காலையில் வாழவைத்த ஆளைச் சாயங்காலம் அவளே ஒழித்தாள். திரும்பி வரும்போது லாரியே குலுங்கச் சிரித்தார்கள்.

"பாவம்டி, அரை நாள்கூட வாழ விடலையே அவனை" என்றாள் ஒருத்தி.

சிரிப்பெல்லாம் லாரியோடு சரி. இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் அவளை ஏற்றியதில்லை. ஏணிப் படியில் கால் வைத்தாலே தொண்டன் ஒருவன், "ஏம்மா, எங்க போறே?" என்பான்.

வெளியார் அப்படி என்றால், சொந்த மேடையிலும் அதே கதைதான். ஓடைக்கரைக்கு ஒரு சங்கம் இருந்தது. அதை உண்டாக்கியவர் அவள் அக்கா புருஷன். அவரை அத்தான் என்றே சொல்வோம். அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. தெருவிளக்குக்காக அலைந்து செருப்புத் தேய்ந்தவர். குப்பை பிரிக்கிறவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டு ஜெயிலுக்குப் போனவர். வெளியே வந்ததும் மறுபடி அதையே கேட்டவர்.

சங்கம் கேட்காத ஒரு விஷயம் இருந்தது. ஓடைக்கரைப் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. விடிவதற்குள் குடோனின் பின்சுவர் ஓரமாகப் போய்விட்டு வர வேண்டும். பகலில் வயிறு முட்டினாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் விடிகாலையில் அந்தச் சுவர் ஓரம் நின்ற லாரிக்குப் பின்னால் ஒருத்தி மறைவாக உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பார்க்காமல் பின்னால் எடுத்துவிட்டான். அவள் குடோனில் சங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில் மூடி கழற்றுகிறவள்.

சங்கம் சாலையை மறித்தது. நஷ்டஈடு கேட்டது, டிரைவரைக் கைது செய்யச் சொன்னது. லாரி மோதி இறந்தாள் என்று போஸ்டர் ஒட்டியது. அந்த நேரத்தில் அவள் லாரிக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைப் போஸ்டரும் சொல்லவில்லை, மைக்கும் சொல்லவில்லை. அசிங்கமாம்.

சங்கு அன்று அத்தானின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை.

"அத்தான், ஒரு அஞ்சு நிமிஷம் நான் பேசறேன். அவ எதுக்கு அங்க போனான்னு நான் சொல்றேன்."

"நாலு பேர் நிக்கிற இடத்துல அதையெல்லாம் எப்படிம்மா பேசுவே? செத்தவளுக்கு மரியாதை வேணாமா?"

"உயிரோட இருக்கறவளுக்கு வேணாமா அத்தான்?"

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ கோஷம் போடு, அது போதும். சத்தம் வேற, பேச்சு வேற."

அவள் போட்டாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டது.

அடுத்த வருஷம் வார்டு தேர்தல் வந்தது. எல்லையை மாற்றி வரைந்ததில் ஓடைக்கரையும் மேட்டுத்தெருக்களும் ஒரே வார்டு ஆயின. ஓடைக்கரை ஒன்றாக நின்றால் நம் ஆள் ஒருவரை உள்ளே அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு, சங்கத்தின் சார்பில் அத்தான் நின்றார். சின்னம் வாளி. பெரிய கட்சியின் சார்பில் குடோன் முதலாளியே நின்றார்.

ஒரு மத்தியானம் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் சங்கின் வீட்டுக்கு வந்தான். எல்லோரும் அவனை வட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தான். குனிந்து உள்ளே வந்து, கொத்தனார் படுத்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க நிக்கணும்."

"எங்க? லாரி வந்துடுச்சா?"

"தேர்தல்ல அக்கா. சுயேச்சையா. ஆகவேண்டியதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். உங்க வாய்க்கு இந்த வார்டுல யாரு ஈடு? எத்தனை நாளைக்குக் கீழ நின்னே கத்துவீங்க? மேல ஏறிப் பேசுங்க. என்ன வேணாலும் பேசுங்க."

"முதலாளியைத் திட்டினா?"

"தாராளமாத் திட்டுங்க."

அவன் போன பிறகு கொத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தன்னைத் திட்டறதுக்குத் தானே ஆள் வைக்கிறவன் எவனாவது உண்டா? உங்க அத்தான் ஓட்டைப் பிரிக்கத்தான் கேக்கறான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் அடுப்பை ஊதினாள். மறுநாள் மனுத் தாக்கல் செய்தாள்.

அவளுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு. கொத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம வீட்டுக்குக் கதவே சாக்குத்துணி. உனக்குப் பூட்டாம்!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அவள் படம் போட்ட போஸ்டர் வந்தபோது அதை அவர்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். முடியைப் படிய வாரி, காலர் வைத்த ரவிக்கை போட்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். "நல்லாத்தான் இருக்கே" என்றார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

போஸ்டர் ஒட்டிய அன்றே அத்தான் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார். அக்கா அவருக்குப் பின்னால் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"உன்னை எதுக்கு நிறுத்தியிருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும் அத்தான். நீங்க என்னை எதுக்கு நிறுத்தலைன்னும் தெரியும்."

அக்காதான் பேசினாள்.

"ஒரு வயித்துல பொறந்தவடி நான். வீட்டுக்குள்ளயே குழி வெட்டறியே."

"குழி வெட்டலக்கா. கக்கூஸ் கேக்கறேன். அதுக்கும் குழி வெட்டித்தான் ஆகணும்."

அந்தக் கோபத்திலும் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஓட்டுக் கேட்க அவள் முதலில் மேட்டுத்தெருவுக்குத்தான் போனாள். ஓடைக்கரையை விட்டு வெளியேயும் ஓட்டு வாங்கிக் காட்டினால் அத்தானிடம் தலைநிமிர்ந்து பேசலாம் என்று ஒரு நப்பாசை. நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். முதல் வீட்டுக் கம்பிக் கதவைத் தட்டியதும் ஒரு அம்மாள் உள்ளேயிருந்து, "இதோ வரேன், நில்லு" என்றாள். நின்றாள். அந்த அம்மாள் வந்து, கதவின் இடுக்கு வழியாகக் கட்டிய குப்பைப் பையை நீட்டினாள். சங்கு அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாக நீண்டுவிட்டது.

வாங்கிய பிறகுதான் உறைத்தது.

"அம்மா, நான் ஓட்டுக் கேக்க வந்தேன். பூட்டுச் சின்னம்."

அந்த அம்மாள் சேலையையும் நோட்டீஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓ, எலக்‌ஷனா?" என்றாள். "சரி, அந்தப் பையையும் கையோட கொண்டு போயிடு. நாறுது."

ஒரு கையில் பையும் மறு கையில் நோட்டீஸுமாக அவள் அந்தத் தெருவில் பாதி தூரம் நடந்தாள். அடுத்த வீடுகளில் கதவு திறக்கவில்லை. நோட்டீஸைக் கையில் வாங்கவும் யாரும் வரவில்லை. "அங்கேயே வச்சிட்டுப் போ" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. வைத்துவிட்டுத் திரும்பினாள். பையைக் குடோனில் கொண்டுபோய்ப் போட்டபோது, பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஓடைக்கரை முக்கில் ஒரு தள்ளுவண்டியைக் கவிழாமல் கல் வைத்து நிறுத்தி, அதன் மேல் ஏறினாள். ஆயிரம் கூட்டத்தில் கத்தியவளுக்குத் தெரிந்த முகங்களைப் பார்த்துப் பேச வாய் வரவில்லை. கடைசியில் செத்துப்போனவளைப் பற்றி ஆரம்பித்தாள். அவள் பாட்டில் மூடி கழற்றுகிற வேகம், அவளுடைய கெட்ட ஜோக்குகள். அப்புறம் அந்த விடிகாலை.

"அவ லாரி மோதிச் சாகல. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாம அங்க போய் உக்காந்தா. அதைச் சொல்ல நமக்கு வெக்கம். அங்க போய் உக்கார வச்சவங்களுக்கு வெக்கம் இல்ல. நாம மட்டும் எதுக்கு வெக்கப்படணும்? நானும் நாளைக்கு விடியறதுக்கு முன்னால அங்கதான் போவேன். நீயும் போவே. உன் பொண்ணும் போவா."

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வண்டியின் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள். நீர்க்கடுப்பால் மாதக்கணக்கில் அவதிப்பட்ட ஒருத்தி அதைச் சத்தமாகச் சொன்னாள். கர்ப்பமாக இருந்தபோது சுவர் ஓரம் விழுந்து எழுந்ததை இன்னொருத்தி சொன்னாள். ஆண்கள் மெல்ல நகர்ந்து போனார்கள். ஓடைக்கரையில் அப்படி ஒரு கூட்டம் அதுவரை நடந்ததில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் கூட்டம். ஜெயித்துவிடுவோம் என்றே அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஏன் தோன்றாது?

பிரசாரம் முடிவதற்கு முந்தின நாள் வட்டம் வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, பின்றீங்க! ஓடைக்கரைப் பொம்பளைங்க அத்தனை பேரும் பூட்டுதான்னு பேச்சு. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்."

"அவரைத்தானே கிழிகிழின்னு கிழிக்கறேன். அதுல என்னப்பா சந்தோஷம்?"

"நீங்க கிழிச்சா அவருக்கு ஒரு ஓட்டும் குறையாதுக்கா. மேட்டுத்தெரு எப்பவும் அவருக்குத்தான். நீங்க எவ்வளவு நல்லாப் பேசறீங்களோ, வாளி அவ்வளவு காலி. மனசாரப் பேசறீங்க பாருங்க, அதுதான் விசேஷம். வேற ஆளா இருந்தா நடிச்சிருப்பாங்க."

ஓட்டைப் பிரிப்பதற்குத்தான் தன்னை நிறுத்துகிறார்கள் என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். தான் உண்மையாகப் பேசினால் அந்தக் கணக்கையே புரட்டிவிடலாம் என்றுதான் நம்பியிருந்தாள். உண்மையாகப் பேசுவதும் அவர்கள் கணக்கில் சேர்ந்ததுதான் என்று அப்போதுதான் விளங்கியது. பேரை வாபஸ் வாங்கக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

காலையில் எழுந்ததும் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா இரும்புத் துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, சாயங்காலம் கூட்டத்துல சொல்லிடறேன். எல்லாரும் வாளிக்கே போடுங்கன்னு சொல்லிடறேன்."

அக்காவின் கை நின்றது. "நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"சத்தியமா?"

"வந்து கேளேன்."

கொத்தனாரிடமும் சொன்னாள். "சொல்றதுன்னா இன்னிக்கே சொல்லிடு" என்றார் அவர். "அப்புறம் ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்து என் தூக்கத்தையும் கெடுக்காதே."

சாயங்காலம் தள்ளுவண்டியைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. ஓரத்தில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், அக்கா நின்றிருந்தாள். சங்கு ஏறினாள். வாயைத் திறப்பதற்குள், முன்னால் நின்ற நீர்க்கடுப்புக்காரி கையைத் தூக்கி, "பூட்டு!" என்று கத்தினாள். பின்னால் நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். "பூட்டு! பூட்டு!" அப்புறம் அவள் பெயர். சங்கு இல்லை, அட்டைக்குள் கிடந்த அந்த நிஜப் பெயர். போஸ்டரில் பார்த்து யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் அதைச் சொல்லி வாழ்க போட்டார்கள்.

எத்தனையோ பேருக்கு அவள் வாழ்க போட்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் போட்டதில்லை.

கம்பத்துப் பக்கம் பார்த்தாள். அக்கா தலையை லேசாக ஆட்டினாள், சொல்லு என்பதுபோல. சங்கு மூச்சை இழுத்தாள்.

"எல்லாரும் மறக்காம ஓட்டுப் போடுங்க" என்றாள்.

மறுபடி வாழ்க கிளம்பியது. அவள் நின்று கேட்டாள். எந்தச் சின்னத்துக்கு என்று அவள் வாயில் வரவில்லை, யாருக்கு என்றும் வரவில்லை. இறங்கும்போது கம்பத்துப் பக்கம் அக்கா இல்லை.

முடிவைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். முதலாளி ஜெயித்தார். அத்தான் தோற்ற வித்தியாசம் சங்கு வாங்கிய ஓட்டில் பாதிகூட இல்லை. ஓட்டு எண்ணிய பள்ளிக்கூடத்தின் வாசலில், பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே, அத்தான் அவள் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள்.

"அந்தப் பொண்ணைப் பத்தி நீ பேசினதை முழுசாக் கேட்டேன்" என்றார். "அன்னிக்கே உன்னைப் பேச விட்டிருக்கணும்." அவ்வளவுதான். வாளி படம் போட்ட பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

அந்த வருஷம் முடிவதற்குள், ஓடையை அகலப்படுத்தப் போகிறோம் என்று சொல்லி ஓடைக்கரையைக் காலி செய்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் புது வார்டு உறுப்பினரும் ஒருவர். இயந்திரம் வந்த அன்று சங்கம் முன்னால் போய் உட்கார்ந்தது. பாதிப் பேர்தான் வந்தார்கள். பூட்டுக்காரர்கள் தனியாக, வாளிக்காரர்கள் தனியாக உட்கார்ந்தார்கள். போலீஸ் இரண்டு கூட்டத்தையும் ஒரே வண்டியில் ஏற்றியது. ஓடை அகலமாகவில்லை. குடோன்தான் அகலமாயிற்று. புது ஆட்களை வைத்துக்கொண்டார்கள்.

எல்லோரையும் நகரத்துக்கு வெகு தூரத்தில் அடுக்குமாடிகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஒரு கழிப்பறை இருந்தது, பளபளவென்று ஓடு பதித்து. தண்ணீர்தான் இல்லை. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மணல்ல எச்சில் தொட்டு ஒட்டியிருக்கான்" என்றார். மாடிக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்; அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரி வண்டி வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

அக்கா எழவுக்கு வந்தாள். ஓரமாக உட்கார்ந்து அழுதாள். தங்கையிடம் பேசவில்லை. அத்தான் எங்கோ ஒரு கடையில் காவலாளியாகச் சேர்ந்திருந்தார். விடிவதற்குள் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். கூட்டம் போட நேரமில்லை. கூப்பிட்டாலும் வர ஆளில்லை. சங்கம் என்று ஒன்று இருந்ததாகவே பலருக்கு நினைவில்லை.

தண்ணீர் லாரி வாரம் ஒருமுறை வருவதும் நின்றபோது, பெண்கள் குடத்தோடு அலுவலகத்துக்குப் போனார்கள். சங்கு கடைசி வரிசையில் நின்றாள். அதிகாரி வெளியே வந்து, "ஆளுக்கு ஆள் கத்தாதீங்க. உங்கள்ல பேசறது யாரு?" என்று கேட்டார். அக்கா திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சங்கின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

அவள் பேசினாள். கத்தவில்லை. குழந்தைக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லாத வீட்டில் பளபளவென்று ஓடு எதற்கு என்று கேட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் கடைசி வரை கேட்டார். லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வரும் என்றார். கொஞ்ச நாள் அப்படியே வந்தது. அப்புறம் மறுபடி ஒரு தடவை ஆயிற்று. ஒன்றுமே வராததற்கு அது பரவாயில்லை என்றார்கள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் சங்குக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்தாள்.

"உன் மேல இருக்கற கோவம் போகலடி."

"போக வேணாம்க்கா."

"அன்னிக்கு ஏண்டி சொல்லல?"

சங்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "எம்பேரைச் சொல்லிக் கத்தினாங்கக்கா" என்றாள். "நல்லா இருந்துச்சு."

அக்கா அவளையே பார்த்தாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அக்கா தன் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கி, தன் கட்டடத்தைப் பார்த்து நடந்தாள். சங்கின் வீடு எதிர்ப்பக்கம். மாடி ஏற வேண்டும்.